செவ்வாய்க்கிழமை ஒத்திகை

தன் மேஜையிலிருந்து வாசல் கதவுக்குப் பதினோரு எட்டு என்பது சவுரியம்மாளுக்குத் தெரியும். ஒன்பதாவது எட்டில் இடப்பக்கம் ஒரு மர நாற்காலி கிடக்கும் என்பதும் தெரியும். இருந்தும் தினம் ஒரு தடவையாவது அதில் முழங்காலை இடித்துக்கொள்வாள், அதுவும் ஆபீஸில் ஆள் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து. இடித்ததும் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். யாராவது ஓடிவந்து கையைப் பிடித்தால், பிடிக்கக் கொடுப்பாள்.

"இன்னா மேடம், இன்னிக்கு நாற்காலி உங்கள இடிச்சிதா, நீங்க நாற்காலிய இடிச்சீங்களா?" என்பார் எதிர் மேஜை கோகுலகிருஷ்ணன்.

"ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நடந்துக்கினு இருக்குது சார்."

எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போவாள். அந்தச் சுவரும் அவளுக்குத் தேவையில்லை.

இப்படிப் பன்னிரண்டு வருஷமாக இடித்துக்கொள்கிறாள். அதற்கு முன்னால் இடித்ததில்லை.

முகையூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் களையெடுத்துப் பிழைத்த குடும்பம். ஐந்து வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது கண் நரம்பையும் கொண்டுபோய்விட்டது. விழி மட்டும் கெடவில்லை. இன்றைக்கும் அவள் கண்ணைப் பார்க்கிறவர்கள், நம்மைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவைப்பார்கள். அப்பா சவுரிராயன் அவளைத் தோளில் தூக்கிப் போய் சிஸ்டர்கள் நடத்திய பார்வையற்றோர் பள்ளியில் விட்டார். அங்கே புள்ளி எழுத்து படித்தாள், டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி முடித்தாள். இருபத்துநாலு வயதில் விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் டெலிபோன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். முந்நூறு எண்கள் மனப்பாடம். "சவுரி, அந்தச் செஞ்சி ஆளுப்பா" என்றால் போதும், அடுத்த நிமிஷம் லைன் கிடைக்கும். திண்டிவனத்தில் ஒற்றை அறை வீடு. காலையில் பஸ், சாயங்காலம் பஸ். தடியை மடித்துப் பைக்குள்ளேயே வைத்திருப்பாள். அப்படி ஒரு நடை அவளுக்கு.

அந்த நடைதான் வினையாயிற்று. எல்லார் கையிலும் செல்போன் வந்தபிறகு டெலிபோன் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவளைத் தபால் பிரிவில் ஒரு மேஜையில் உட்காரவைத்தார்கள். செய்ய ஒரு வேலையும் கிடையாது. சும்மா உட்கார்ந்திருப்பவள்மேல் எல்லார் கண்ணும் விழும். ஒரு மொட்டைக் கடுதாசி போயிற்று: 'மேற்படி பெண்ணுக்கு நன்றாகக் கண் தெரியும். கைக்கடிகாரம் பார்த்து மணி சொல்கிறார். பஸ்ஸில் ஓடிப்போய் ஏறுகிறார்.' கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்து முள்ளைத் தொட்டுப் பார்ப்பதை எழுதினவன் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் எழுதவில்லை. சவுரியம்மாளை மறுபரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு நாள் முழுக்க இருட்டறையில் வைத்துக் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உண்மைதான், பார்வை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். யாரும் மன்னிப்பு கேட்கவில்லை. திரும்பி வந்த அன்றைக்கே அவள் பையிலிருந்து தடியை எடுத்து விரித்தாள். நாற்காலியில் முதல் தடவையாக இடித்துக்கொண்டாள்.

உடனே ஆபீஸ் இளகியது. "பாவம்ப்பா" என்றார்கள். சவுரியம்மாள் அதிலிருந்து ஒரே ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டாள். கண் தெரியாமல் இருந்தால் மட்டும் போதாது. கண் இருக்கிறவனுக்குப் புரிகிற மாதிரி கண் தெரியாமல் இருக்கவேண்டும்.

இந்தப் பாடத்தைத்தான் அவள் சங்கத்தில் சொல்லிக்கொடுத்தாள். திண்டிவனம் கடைத்தெருவில் செருப்புக் கடை மாடியில் ஓர் அறை. அதுதான் பார்வையற்றோர் சங்கம். சவுரியம்மாள்தான் தலைவர். சங்கம் சும்மா இல்லை. கைநாட்டு வைக்கிறவர்களுக்கு ஏ.டி.எம். அட்டை தர முடியாது என்ற மேனேஜர் அறையில் பதினாறு பேரைக் கூட்டிப்போய்த் தரையில் உட்காரவைத்து அட்டையை வாங்கித் தந்தவள் அவள். தடியைப் பார்த்ததும் நிறுத்தாமல் போன பஸ்களின் நேரத்தை மாதம் முழுக்கப் புள்ளி எழுத்தில் குறித்துவைத்து, மனு நாளில் அதை வரிவரியாகத் தொட்டுப் படித்தவள் அவள். ஆனால் ஊர் அவளைத் தேடி வந்ததெல்லாம் செவ்வாய்க்கிழமைக்காகத்தான்.

வாராவாரம் புதன்கிழமை விழுப்புரத்தில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முகாம் நடக்கும். முதல் நாள் சாயங்காலம் மாடி அறையில் ஒத்திகை.

"டாக்டர் பேனாவ நீட்டுவாரு. லபக்குனு வாங்கிடாத. காத்துல ரெண்டு தடவ தேடிட்டு அப்புறமா வாங்கு. நாற்காலி எங்கன்னு தெரிஞ்சாலும் எங்கன்னு கேளு. அவரு பேசினா அவரு மூஞ்சிக்கு நேரா திரும்பாத, கொஞ்சம் தள்ளித் திரும்பு."

கூட்டேரிப்பட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் ஒரு தடவை கேட்டார். "ஏம்மா, எனக்குத்தான் நெஜமாவே தெரியலயே. நா எதுக்கு நடிக்கணும்?"

"நீங்க நாப்பது வருஷமா கண்ணு இல்லாம இருந்து பழகிட்டீங்க தாத்தா. டாக்டருக்குப் பழக்கமில்லயே. அவருக்கு நம்மதான் புரியவைக்கணும்."

இருநூறு பேருக்குமேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சான்றிதழோடு திரும்பியிருக்கிறார்கள்.

இளவரசி வந்தது ஒரு ஜனவரி மாதம். ஓமந்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் பாண்டுரங்கனின் மகள். இருபத்தொன்பது வயது, பி.காம். மாவட்டத்தில் ஓர் அலுவலக உதவியாளர் இடம் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். ஒரே இடம். எழுத்துத் தேர்வில் அவள்தான் முதலில் வந்திருந்தாள். பிப்ரவரி கடைசிக்குள் சான்றிதழைக் காட்டிவிட்டால் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மாடி அறைக்குள் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவள் சொன்னாள், "அக்கா, காலண்டர் இன்னும் டிசம்பர்லயே நிக்குது."

"எங்களுக்கு எந்த மாசமா இருந்தா இன்னாம்மா" என்று யாரோ மூலையிலிருந்து சொல்ல, அறையே சிரித்தது. சவுரியம்மாள் சிரிக்கவில்லை. எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரைப் படிக்கிறவளுக்கு இங்கே என்ன வேலை?

அவள் மனதில் அம்சா வந்து நின்றாள். பள்ளி விடுதியில் பிள்ளைகள் இரண்டு ஜாதி. டோட்டல், பார்ஷியல். ஒன்றும் தெரியாதவர்கள் டோட்டல். கொஞ்சம் தெரிகிறவர்கள் பார்ஷியல். வரிசைக்கு முன்னால் நடப்பதும் பார்ஷியல், ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்குவதும் பார்ஷியல், சோறு பரிமாறுவதும் பார்ஷியல். அம்சா ஒரு பார்ஷியல். ஞாயிற்றுக்கிழமை முட்டை போடுவாள். சவுரியம்மாள் தட்டைத் தடவினால் அரை முட்டைதான் இருக்கும். "எல்லாருக்கும் அரைதான்டி" என்பாள் அம்சா, வாயில் எதையோ மென்றுகொண்டே. ஏழு வருஷம் அப்படி. கொஞ்சம் கண் தெரிகிறவர்களை சவுரியம்மாள் அதற்குப் பிறகு ஒரு நாளும் நம்பியதில்லை. சங்கத்தில் சேர்த்துக்கொள்வாள். வேலை வாங்கிக்கொள்வாள். நம்பமாட்டாள்.

அன்றைக்கு இளவரசி எழுந்து வெளியே போகும்போது, கதவோரம் வைத்திருந்த தண்ணீர்க் குடத்தில் கால் பட்டு, குடம் உருண்டு, படிக்கட்டெல்லாம் தண்ணீர். "ஐயோ, சாரிக்கா, பாக்கல" என்றாள்.

அதற்குள் நடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாளே என்று நினைத்தாள் சவுரியம்மாள். அவள் அப்படித்தான் நினைத்தாள். பின்னால் எத்தனையோ தடவை அந்தக் குடத்தின் சத்தத்தை மனதுக்குள் உருட்டிப் பார்த்தும், அன்றைக்கு வேறு எதுவும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

பாண்டுரங்கன் ஒரு பிளாஸ்டிக் கவர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிய காகிதம். மறுநாள் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் சவுரியம்மாள் அதைக் கோகுலகிருஷ்ணனிடம் நீட்டினாள். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"ரெண்டு கண்ணுலயும் நேர்ப் பார்வை நல்லா இருக்குன்னு போட்டிருக்குது மேடம். கண்ணாடி தேவையில்லன்னு கூட போட்டிருக்கு. அப்புறம்..."

"போதும் சார். இதக் காட்டினா கெட்டுது."

அவர் காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டுச் சோற்றுக்குத் திரும்பினார்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் இளவரசிக்குத் தனியாகச் சொன்னாள். "அந்த ஆஸ்பத்திரிப் பேப்பர வெளிய எடுக்காத. எழுத்துப் பலகைய காட்டி படிக்கச் சொல்லுவாங்க. மேல இருக்கற பெரிய எழுத்து ஒண்ண மட்டும் சொல்லு. மீதி தெரியலன்னுடு."

"அக்கா, எனக்கு எழுத்து தெரியும். எனக்குப் பிரச்சின வேறக்கா. பக்கத்துல..."

"வேல வேணுமா வாணாமா?"

"வேணுங்க்கா."

"அப்ப சொன்னத செய்."

பெண் அந்தக் காகிதத்தைத் திருப்பி வாங்கித் தன் பைக்குள் வைத்தாள். இருநூறு பேரைக் கரையேற்றின அக்கா சொல்கிறாளே என்று இருந்துவிட்டாள்.

முகாமில் நூறு பேருக்குமேல் கூட்டம். கண் டாக்டர் இளம் வயசுக்காரர், குரலிலேயே களைப்பு. சவுரியம்மாள் இளவரசியின் முழங்கையை இரண்டு விரலால் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். பாண்டுரங்கன் பின்னால். பலகையைப் படிக்கச் சொன்னார் டாக்டர். இளவரசி முதல் எழுத்தைச் சொன்னாள். மீதி தெரியவில்லை என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கினால் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள் சவுரியம்மாள்.

டாக்டர் எதையோ எழுதினார். படிவத்தைத் திருப்பி நீட்டினார்போல. காகிதம் சரசரத்தது. "பேரு, விலாசம் சரியா இருக்காம்மா?" என்றார், பழக்கதோஷத்தில்.

"பிறந்த வருஷம் தப்பா இருக்குது சார்" என்றாள் இளவரசி. "தொண்ணூத்தஞ்சு. இதுல எம்பத்தஞ்சுன்னு இருக்கு."

சவுரியம்மாளின் விரல்களுக்கிடையில் அந்த முழங்கை சட்டென்று விறைத்தது.

"பலகையில இவ்ளோ பெருசா இருக்கறது தெரியல. இந்தப் பொடி எழுத்து தெரியுதா?" என்றார் டாக்டர். அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நடிக்கிறியா? யாரு சொல்லிக் குடுத்தது?"

அவர் குரல் சவுரியம்மாள் பக்கம் திரும்பியது.

"நீங்கதானே சங்கத் தலைவர்? வாராவாரம் ஆள் கூட்டிக்கிட்டு வர்றீங்க. எல்லாருமே பேனாவ ரெண்டு தடவ தேடிட்டு வாங்குறாங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இதுவரைக்கும் நீங்க கூட்டிக்கிட்டு வந்த அத்தன பேரையும் திருப்பிக் கூப்பிட்டு டெஸ்ட் பண்ணச் சொல்லட்டுமா?"

நான்தான் சொல்லிக்கொடுத்தேன், இவள் பையில் ஒரு காகிதம் இருக்கிறது, அதைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் சவுரியம்மாளுக்கு அந்த இருநூறு பேரும் வரிசையாக மறுபடி வந்து நிற்பது தெரிந்தது. இருட்டறையும் விளக்கும் தெரிந்தது. இந்தப் பக்கம் நிற்பவளோ காலண்டர் படிக்கிறவள்.

"சார், நா கண்ணு தெரியாதவ" என்றாள். "அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ தெரியும், எவ்ளோ தெரியாதுன்னு நா எப்படி சார் பாக்க முடியும்? அவங்க அப்பா கூப்ட்டாரு. கூட வந்தேன்."

முழங்கை அவள் விரலிலிருந்து உருவிக்கொண்டது.

"சார், ஒரு நிமிஷம் சார், எங்கிட்ட ஒரு பேப்பர்..." என்று இளவரசி பையைத் திறக்கும் சத்தம் கேட்டது. "அடுத்தது" என்றார் டாக்டர். படிவத்தில் அவர் எழுதியதைப் பாண்டுரங்கன் வெளியே மரத்தடியில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார். பாசாங்கு, தகுதியில்லை.

"இன்னா மேடம் இது" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

பிப்ரவரி முடிந்தது. வேலை அடுத்த ஆளுக்குப் போயிற்று. பாண்டுரங்கன் யாரையும் துணைக்கு அழைக்காமல் தானே மேல்முறையீடு எழுதிப் போட்டார், மகளை மறுபடி புதுச்சேரிக்குக் கூட்டிப்போனார். ஜூன் மாதம் சான்றிதழ் வந்தது. அந்தச் செய்தி சங்கத்துக்குச் சுற்றிவளைத்துத்தான் வந்து சேர்ந்தது. பார்வை இழப்பு எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது என்று கேட்டாள் சவுரியம்மாள். நூறு என்றார்கள். அவள் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டாள். நூறுதான். சவுரியம்மாளின் சான்றிதழில் போட்டிருக்கிற அதே நூறு.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஓமந்தூர் போனாள். சங்கக் கூட்டத்துக்கு அழைக்கப் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

பாண்டுரங்கன் வீட்டில் மல்லாட்டை காயப்போட்ட வாசனை. நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. அவள் கைக்கு வந்தது காகித டம்ளர். பக்கத்தில் பாண்டுரங்கன் எவர்சில்வர் டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. சவுரியம்மாள் என்ற பெயரைக் கேட்டதும் என்ன ஜாதி, எந்த டம்ளர் என்பது பல வீடுகளில் முடிவாகிவிடும். அது அவளுக்குப் பழக்கம்தான். இன்றைக்கு அதற்குக் கோபப்படக்கூடத் தனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. அது டீயைவிடக் கசந்தது.

"வேலதான் போயிடுச்சி மேடம்" என்றார் பாண்டுரங்கன். "பேராவது மிஞ்சட்டும்னுதான் அலஞ்சேன். நடிக்கிறான்னு எழுதிட்டாங்களே."

அவர் மாட்டைப் பார்க்க எழுந்து போனதும் சவுரியம்மாள் கேட்டாள். "இளவரசி, நூறு எப்படிம்மா? காலண்டர் படிச்சியே."

"ரெண்டாவது பக்கம் இருந்திச்சிக்கா அந்தப் பேப்பர்ல. யாரும் படிக்கல." பெண்ணின் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "கூல்டிரிங்ஸ் ஸ்டிராவ கண்ணுல வச்சிப் பாத்தா எப்படி? நேரா இருக்கறது மட்டும் தெரியும். சுத்தியும் ஒண்ணுமில்ல. பொழுது சாஞ்சா அதுவும் போயிடும். தெருவுல பக்கத்துல வர்றவங்க சிரிச்சா எனக்குத் தெரியாது. திமிரு புடிச்சவன்னு ஊர்ல பேரு. கன்னுக்குட்டி மேல வுழுந்து பல்லு போச்சி. உங்க கொடத்தயும் உருட்டுனேன்."

"சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க கேக்கலயே. டாக்டரு கேக்கல, சரி. அவரு கண்ணு தெரிஞ்சவரு. நீங்களும் ஒரு நாள் கூட, உனக்கு எப்படி தெரியுதுன்னு எங்கிட்ட கேக்கலக்கா."

சவுரியம்மாளால் அம்சாவைப் பற்றிச் சொல்ல முடியுமா? அரை முட்டையைப் பற்றி? நாற்பது வருஷத்துக்கு முந்தைய முட்டைக்காக ஒரு பெண்ணின் வேலை போயிற்று என்று எந்த வாயால் சொல்வது? கூட்டத்துக்கு வா என்று சொல்லவும் வரவில்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்றாள்.

"கொண்டுபோய் வுட்டுட்டு வாம்மா" என்று கொட்டகையிலிருந்து பாண்டுரங்கன் சொன்னார். இளவரசி செருப்பைப் போட்டுக்கொண்டாள். ரோடு வரைக்கும் இரண்டு பேரும் நடந்தார்கள். ஆறேகால் பஸ் வரவில்லை. முகத்தில் விழுந்துகொண்டிருந்த வெயில் இறங்கிப்போனது. வரப்போரத்தில் பூச்சிகள் கத்த ஆரம்பித்தன. பக்கத்தில் இளவரசி ஒரு எட்டு நகர்ந்தாள். செருப்பு முதலில் தரையைத் தொட்டது, தடவியது, அப்புறம்தான் ஊன்றியது. சவுரியம்மாளுக்கு அந்தக் கால் புரிந்தது. அது யாரும் சொல்லிக்கொடுத்து வருகிற நடை இல்லை. மாடி அறையில் ஒரு தடவையாவது காதைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே கேட்டிருக்கும்.

"இருட்டிடுச்சா?"

"ஆவுது."

"நா ஊடு வரைக்கும் வந்து வுட்டுட்டு அடுத்த பஸ்ஸுல போறேன். என் தோளப் புடிச்சிக்க. எனக்கு இருட்டு ஒண்ணும் பண்ணாது."

தோளில் கை விழவில்லை. தூரத்தில் பஸ் உறுமியது.

"தனியா போயிடுவியாம்மா?"

"நடிச்சிக்கினே போயிடுவேங்க்கா."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி அவள் கையைப் பிடித்து, "ஜல்தி, ஜல்தி, பாத்து ஏறும்மா" என்று உள்ளே இழுத்தார். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் உட்காராமல் ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தாள். செருப்புச் சத்தம் தாரில் கேட்டது, அப்புறம் சரளையில் கேட்டது, அப்புறம் இன்ஜின் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

"சார், அங்க ஒரு பொண்ணு ஊருக்குள்ள போவுது. ரோட்ட வுட்டு எறங்கிடாம போவுதா பாருங்களேன்."

கண்டக்டர் குனிந்து பார்த்தார்போல. "எந்தப் பொண்ணும்மா? வெளிய இருட்டு. ஒண்ணும் தெரியல" என்று விசில் கொடுத்தார்.

சவுரியம்மாள் செல்போனில் இளவரசியின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழுத்தினாள். திண்டிவனம் வருவதற்குள் ஒன்பது தடவை. பத்தாவது தடவை எடுத்தார்கள். பாண்டுரங்கன்.

"வந்துட்டா. வாய்க்கால்ல வுழுந்து எழுந்து வந்திருக்கா. காலு வீங்கியிருக்குது." பின்னால் யாரோ தண்ணீர் ஊற்றும் சத்தம். "மேடம், கோச்சிக்காதீங்க. இனிமே எங்களுக்குப் போன் பண்ணாதீங்க."

"சரிங்க" என்றாள். அதைக் கேட்க அவர் லைனில் இல்லை.